ஜிலேபி எழுத்தும் ஒரு சர்க்கார் உத்தரவும்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கும் தமிழர் பலர் முதலில் சொல்வது இதுதான்: "என்னப்பா, எல்லாப் பலகையிலும் ஜிலேபி பிழிஞ்சு வெச்சிருக்காங்க!" கேலிதான். ஆனால் அந்த உருண்டைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் வளைவுகள் வந்தன என்பது வழக்கமான விளக்கம். அச்சில் அந்த உருண்டையை நிலைநிறுத்தியவர் பெஞ்சமின் பெய்லி. கோட்டயம் சி.எம்.எஸ். அச்சகத்துக்காக 1824-இல் அவர் மலையாள அச்செழுத்துகளை வார்த்தார்.

அடுத்து வந்தது தட்டச்சுப் பொறி. அத்தனை கூட்டெழுத்துகளும் அதில் அடங்காதே! 1971-இல் திருவனந்தபுரத்திலிருந்து கேரள அரசு உத்தரவு போட்டது. பல கூட்டெழுத்துகளை உடைத்தார்கள். உகரக் குறியை எழுத்திலிருந்து பிரித்துத் தனியாகப் போட்டார்கள். நம் ஊரிலும் 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 'லை', 'னை'யின் தும்பிக்கை போனது நினைவிருக்கும். இயந்திரத்துக்காக எழுத்து வளைந்துகொடுத்த காலம் அது.

இப்போது திருப்பத்தைப் பாருங்கள். 2019-இல் 'காயத்ரி' என்றொரு மலையாள எழுத்துரு வந்தது. முனைகள் மழுங்கி, பார்க்கவே சிரிக்கிற மாதிரி இருக்கும். தலைப்பு, சுவரொட்டி, படவிளக்கம் போன்றவற்றுக்கானது. வரைந்தவர் பினோய் டொமினிக். கணினியில் இயங்க வைத்தவர் காவ்யா மனோகர். ஒருங்கிணைத்தவர் சந்தோஷ் தோட்டிங்கல். வெளியிட்டது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. பணம் கொடுத்தது திருவனந்தபுரத்தில் உள்ள கேரள பாஷா இன்ஸ்டிட்யூட், அதாவது அரசு நிறுவனம்! 1971-இல் உடைத்த கூட்டெழுத்துகள் இதில் ஒட்டியே இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து வெட்டச் சொன்னார்களோ, அதே ஊர்க் காசில் திரும்பி வந்தன.

சரி, ஒடுக்கமான எழுத்து எதற்கு? ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பலகையில் 'திருவனந்தபுரம்' என்று எழுதினால் இன்னொரு ஊருக்கு இடமிருக்காது. :-) எழுத்தைச் சின்னதாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது, ஒடுக்கினால் உயரம் குறையாமல் இடம் மிச்சம். தோட்டிங்கல் 2023-இல் வெளியிட்ட 'நூபுரம்' இதற்கு நல்ல உதாரணம். ஒரே எழுத்துருவில் தடிமன், அகலம், சாய்வு, முனையின் மென்மை எல்லாவற்றையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். அதன் ஒரு வடிவத்தில் எழுத்துக்குள்ளேயே அம்புக்குறிகள் உண்டு: எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்று குழந்தைக்குக் காட்ட!

தமிழுக்கும் குண்டு எழுத்து ஒன்று உண்டு. ஏக் டைப் நிறுவனத்தின் 'பலூ' வரிசையில் மலையாள எழுத்துருவின் பெயர் 'பலூ சேட்டன்'. தமிழுக்கு 'பலூ தம்பி'. (நம்மைத் தம்பியாக்கிவிட்டார்கள், போகட்டும்!)

இவை எல்லாமே இலவசம், உரிமச் சிக்கலும் இல்லை. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் தமிழை அதிகம் பார்ப்பது புத்தகத்தில் அல்ல; பொங்கல் விழா சுவரொட்டியிலும் தமிழ்ப்பள்ளிப் பலகையிலும்தான். ஆங்கிலம் பத்து வேடத்தில் ஆடுகிறது. தமிழ் மட்டும் பாடப்புத்தக எழுத்திலேயே நின்றால், அது வீட்டுப்பாடத்துக்கான மொழி என்றுதானே பிள்ளை நினைக்கும்? அடுத்த விழா அழைப்பிதழில் தமிழையும் கொஞ்சம் விளையாட விடுங்கள்.