மேசை மேல் ஒரு கிராமம்

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு மாதிரி செய்து வரச் சொன்னால் நம்ம பிள்ளைங்க என்ன செய்வாங்க? பொலிஸ்டிரீன் பலகைக்குப் பச்சைச் சாயம் அடித்து, ஐஸ்கிரீம் குச்சியில் நாலு வீடு கட்டி ஒட்டிடுவாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனால், "இந்த வீடு ஏன் இந்த இடத்துல இருக்கு?" என்று கேட்டுப் பாருங்க, பதில் வராது. அந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்ட ஒருவரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சின்னஞ்சிறு படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுவது இன்று பல நாடுகளில் பொழுதுபோக்கு. அது அரண்மனையிலும் இருந்தது. 1812-இல் பிரஷியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் தம் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். குன்று, ஆறு, சாலை, ஊர் என்று நிலம் சதுரச் சதுரமான வில்லைகளாக இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, வேண்டிய நிலப்பரப்பை உண்டாக்கலாம். 1824-இல் அவருடைய மகன் அந்த விளையாட்டை வரைபடத்துக்கு மாற்றினார். பிரஷிய அதிகாரிகள் அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக் கூடத்துக்கு இதைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் வெளிவந்த 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் அதற்கான விதிகளை எழுதினார். அவருடைய ஊர்கள் தரையில் எழுந்தன. வீட்டுக்கு மரக்கட்டையும் அட்டையும், காட்டுக்குத் தோட்டத்துச் சுள்ளி. அவ்வளவுதான், பெரிய செலவே இல்லை!

இந்த இரண்டு பேருடைய ஊர்களும் கற்பனை ஊர்கள். வீட்டை எங்கே வைத்தாலும் தப்பில்லை. உண்மையில் நடந்த போரை, உண்மையில் இருக்கும் ஊரைச் செய்ய நினைத்தால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். வில்லியம் சைபோர்ன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

1815 ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். வெலிங்டன் பிரபுவின் படையும் புளூக்கர் தலைமையிலான பிரஷியப் படையும் அவரை எதிர்த்து நின்றன. 1830-இல் அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்யும் பொறுப்பு பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி சைபோர்னுக்குக் கிடைத்தது. அவர் அந்தப் போரில் இருந்தவர் அல்லர். அதனால் நேரில் போனார். போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஹே செயின்ட் பண்ணையில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் முழுவதையும் அளந்தார்.

அதோடு விட்டாரா? இல்லை. போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கேள்விக் கடிதம் அனுப்பினார். மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். வயலில் என்ன பயிர் இருந்தது என்றுகூடக் கேட்டார்! பயிர் எதற்கு என்று நினைப்பீர்கள். உயரமாக வளர்ந்த ரை பயிர் வீரர்களை மறைக்கும். மிதிபட்டுப் போனால் மறைக்காது. மாதிரியில் ஒட்டும் புல்லுக்கும் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தவர் அவர். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. அந்தக் கடிதங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1833-இல் அரசு பணம் தருவதை நிறுத்திவிட்டது. சைபோர்ன் விடவில்லை. பணம் திரட்டி, கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உலோக வீரர்களுடன் 1838-இல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

ஆனால், ஒரு மூலையில் இருந்த பிளான்சனுவா என்ற கிராமம் சிக்கலைக் கொண்டு வந்தது. அங்கேதான் பிரஷியர்கள் பிரெஞ்சுப் படையோடு கடுமையாக மோதினார்கள். தமக்குக் கிடைத்த ஆதாரப்படி சைபோர்ன் ஏழு மணிக் காட்சியில் அவர்களைப் பெருந்திரளாக நிறுத்தியிருந்தார். அப்படியானால் வெற்றி யாருடையது? அந்தக் கேள்வி வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பிரஷியர் நிலையை மாற்றிக்கொள்ள சைபோர்ன் ஒப்புக்கொண்டார். லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ள அந்த மாதிரியைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள்.

பாருங்க, ஒரு மூலையில் எத்தனை பொம்மை நிற்கிறது என்பதில் யாருக்குப் பெருமை என்பதே அடங்கியிருக்கிறது. மாதிரி செய்கிறவரும் வரலாறு எழுதுகிறார். எதை வைக்கிறோம் என்பது ஒரு கூற்று. எதை வைக்காமல் விடுகிறோம் என்பதும் ஒரு கூற்று.

இதை நம் வகுப்புக்குக் கொண்டு வரலாம். ஜப்பானியர் படையெடுப்புப் பாடத்தில் கம்பார் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பேராவில் நடந்தது. தற்காத்து நின்ற 11-ஆவது இந்தியப் பிரிவில் இந்திய வீரர்களும் பிரிட்டிஷ் வீரர்களும் இருந்தார்கள். குன்றுகளை அட்டையால் அடுக்குங்கள். ரப்பர் மரத்துக்குச் சுள்ளி போதும், கூரைக்குத் தேங்காய் நார். ஈய லம்பத்துக்கு மணல் தூவலாம்.

அதன் பிறகு ஒரு விதி வையுங்கள்: பலகையில் ஒட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு சின்னச் சீட்டு. "இது இங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்?" என்பதற்கு மாணவர் அதில் பதில் எழுத வேண்டும். பழைய படம், வரைபடம், புத்தகம், பெரியவர் சொன்னது, எதுவாகவும் இருக்கலாம். ஆதாரம் இல்லையென்றால் "ஊகம்" என்று எழுதட்டும். அது குறை இல்லை.

அடுத்த கேள்விதான் முக்கியம். சண்டை நடந்தபோது அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? பக்கத்தில் தோட்ட லயம் இருந்ததா? போர் விளையாட்டு மேசையில் வீடுகள் இருக்கும், குடும்பங்கள் இருக்காது. அந்தக் குடும்பங்களைத் தேட நம் பிள்ளைகளும் சைபோர்ன் மாதிரி கேள்விக் கடிதம் எழுதலாம். தாத்தா பாட்டியிடம், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். சைபோர்ன் கடிதம் அனுப்பியபோது போர் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. நமக்கோ எண்பது ஆண்டு தாண்டிவிட்டது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அந்தக் கடிதங்களை எழுதச் சொல்லுங்கள். வீடுகளைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.