எலும்பு முறிவும் வளர்ச்சிக் காரணிகளும்

திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையில் வடமதுரை அருகே நேரும் இரு சக்கர வாகன விபத்தொன்றில் உங்கள் கணைக்கால் எலும்பு முறிந்ததாகக் கொள்வோம். மருத்துவர் எலும்பை நேராக்கி, அசையாதவாறு பொருத்துவார். அதன்பின் எலும்பைக் கூட்டும் பணி உங்கள் உடலினுடையது.

எலும்பு மஜ்ஜையிலும் எலும்பின் மேலுறையிலும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் உள்ளன. இவற்றுள் ஒரு வகை எலும்பாகவோ, குருத்தெலும்பாகவோ, கொழுப்பாகவோ மாறக்கூடியது. எதுவாக மாறுவது என்பதை வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. முறிந்த இடத்தில் உறையும் குருதியின் தட்டணுக்கள் முதலில் சில காரணிகளை வெளியிட்டு, குருத்தணுக்களை வரவழைத்துப் பெருக்குகின்றன. பின்னர் பி.எம்.பி. எனப்படும் புரதங்கள் அவ்வணுக்களுள் ரன்எக்ஸ்-2 என்ற மரபணுவைத் தூண்ட, அவை எலும்பாக்கும் அணுக்களாகின்றன. வேறொரு காரணி புதிய குருதிக் குழாய்களை அழைத்து வருகிறது. இங்கு காலமும் அளவும் முக்கியம். தொடக்கத்தில் துணைபுரியும் டி.ஜி.எஃப்.-பீட்டா, பிற்கட்டத்திலும் மிகுந்திருந்தால் எலும்பு இறுகுவதைத் தடுக்கக்கூடும்.

சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசையில் வைத்தாலும் அங்குப் புதிய எலும்பு உருவாகும் என்பதை மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் வெளியிட்டார். அத்தேடலே பி.எம்.பி.-க்கு இட்டுச் சென்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பி.எம்.பி.-2-ஐ 2002-இல் கீழ்முதுகெலும்பு இணைப்புக்கும், 2004-இல் திறந்த கணைக்கால் முறிவுக்கும் அனுமதித்தது. உடலில் மிக நுண்ணிய அளவில் இயங்கும் இப்புரதம், சிகிச்சையில் மில்லிகிராம் கணக்கில் வைக்கப்படுகிறது. கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது சிலருக்குக் கழுத்து வீங்கி மூச்சுவழி நெரிந்ததால், 2008-இல் அதே அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எலும்பு விரைவில் கூடும்" என்னும் விளம்பரங்களை நம்பிப் பணம் செலுத்தாதீர்கள். குருதி நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஏற்கப்பட்டது என்பதையே இவர்களுட் சிலர் சான்றாகக் காட்டுவர்; அதில் பயன்படுவது குருதியை உருவாக்கும் வேறு வகைக் குருத்தணு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, எலும்பு முறிவுக்குக் குருத்தணுக்களை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம்.

முறிந்த இடத்திற்குக் குருதி தடையின்றிச் செல்வதே உங்கள் கையில் உள்ள பெரும் உதவி. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை அனைத்தையும் நிறுத்துங்கள். சர்க்கரை நோய் இருப்பின் கட்டுக்குள் வையுங்கள். நாட்டுக்கட்டு இறுக்கமாகப் போடப்படும்போது குருதியோட்டம் நின்று காலையே இழக்க நேரிடலாம். மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, கட்டிய பின் விரல்கள் மரத்தாலும், குளிர்ந்தாலும், நீலம் பாய்ந்தாலும், வலி கடுமையானாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாதங்கள் பல கடந்தும் காலை ஊன்றும்போது வலித்தால், அங்குள்ள எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.