பிள்ளைகளின் மனநோயும் நம் முன்னோர் காட்டிய வழியும்

 

ஒரு பிள்ளை ஓரிடத்தில் அமர மறுக்கிறது. ஓதும்போது கவனம் சிதறுகிறது. சிறு சொல்லுக்கும் சீறுகிறது. மற்றொரு பிள்ளையோ யாருடனும் பேசாமல் ஒதுங்கிக் கிடக்கிறது. நம் இல்லங்களில் இவற்றுக்கு மூன்று விளக்கங்களே கூறப்படுகின்றன: அடங்காத்தனம், கண்ணேறு, ஜின்னின் தீண்டல். முதலாவதற்குப் பிரம்பும் மற்ற இரண்டிற்கும் தாயத்தும் மருந்தாகின்றன. இது நோயாக இருக்கலாம் என்னும் எண்ணம் கடைசியிலேயே வருகிறது. நம் வரலாறோ வேறு வழியைக் காட்டுகிறது.

அண்ணலாரின் முன்மாதிரி

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் சிறு குழந்தை. அவர் வளர்த்த குருவி இறந்துவிட்டது. அக்குழந்தையின் வாட்டத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை அற்பமென ஒதுக்கவில்லை. குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறையேனும் சலித்துக்கொண்டதில்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வை என்னும் அறிவுரை இதற்கும் பொருந்தும்.

அறிஞர்களின் பணி

கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். சினம், அச்சம், துயரம், ஊசலாடும் தீய எண்ணங்கள் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாத துயரம் வேறு என்று பிரித்தார். உடல் நோயுறுவது போலவே மனமும் நோயுறும் என்பது அவர் கொள்கை. அதே நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், குழந்தைகளின் பராமரிப்புக்கென்றே தனி நூல் இயற்றினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பாடம் முடிந்த பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும், இல்லையேல் அதன் உள்ளம் மடிந்துபோகும் என்று எச்சரித்தார்கள். இப்னு கல்தூன் (1332–1406), கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் ஊக்கமிழந்து பொய்யையும் வஞ்சகத்தையும் கற்றுக்கொள்கிறான் என்றார். இன்று நாம் நடத்தைக் கோளாறு என்றழைக்கும் சிலவற்றின் வேர், அடியிலும் அச்சத்திலும் இருக்கக்கூடும் என்பதை அவர் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டார். 1154இல் திமிஷ்கிலும் 1284இல் கெய்ரோவிலும் எழுந்த மருத்துவமனைகளில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. அவற்றை வக்ஃபு சொத்துகள் தாங்கின.

ஏர்வாடி தந்த பாடம்

இந்த மரபை மறந்ததன் விலையை நம் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே சேர்த்த குடும்பத்தார் எல்லாரும் அன்பற்றவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்களே பலர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே துஆவுடன் மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டும் பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

நம் கைக்கெட்டும் உதவி

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வடக்கே சென்றால் வேலூரின் பாகாயம். அங்கே சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அதன் சிறப்பு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வருகின்றனர். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் கண்டறிய வேண்டியவற்றுள் ஒன்று. வீட்டிலிருந்தே ஆலோசனை பெற 14416 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

எல்லாக் குறும்பும் நோயன்று. கவனச்சிதறலோ சீற்றமோ அச்சமோ பல மாதங்கள் நீடித்தால், வீட்டிலும் மதரஸாவிலும் ஒருசேரக் காணப்பட்டால், கல்வியையும் நட்பையும் உறக்கத்தையும் கெடுத்தால், மருத்துவரை நாட வேண்டும். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால், அதற்கு ஏதேனும் தீங்கு நேர்ந்ததா என்றும் மென்மையாக விசாரிக்க வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ஓதிப்பார்ப்பதை எவரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். ஏனெனில் பிள்ளை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உஸ்தாதுகளாகிய நாங்களும், பிரம்பை எடுக்குமுன் "இப்பிள்ளை செய்ய மறுக்கிறதா, செய்ய இயலாமல் தவிக்கிறதா?" என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ள வேண்டும். மதலைப் பருவத்தில் கேட்கப்படும் இக்கேள்வி, பிற்காலத்துச் சங்கிலிகள் பலவற்றைத் தடுக்கும்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களை வளர்க்கும் நமக்குப் பொறுமையையும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.