பேராதனை மேடையில் இரு குடும்பப் போர்கள்

ஆட்சிப் போட்டி வீட்டிற்குள் புகுந்து உறவை இரு கூறாக்குவது நாடகக் கலைக்கு மிகப் பழைய பொருளாகும். கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் இருவர் அப்பொருளை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு மொழிகளில் மேடையேற்றினர். 1961இல் எதிரிவீர சரத்சந்திரவின் 'சிங்கபாகு' வந்தது, 1962இல் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்திய 'கர்ணன் போர்' வந்தது.

சிங்கபாகுவின் கதை மகாவம்சத்தில் உள்ளது. பிரிந்த மனைவி மக்களைத் தேடி ஊர்களை அழிக்கிறது சிங்கம். அதைக் கொல்வோர்க்கு அரசன் பொன் அறிவிக்கிறான். தாய் இருமுறை மகனைத் தடுக்கிறாள். மூன்றாம் முறை அவளைக் கேளாமலே அவன் பொன்னை ஏற்கிறான். அவன் எய்த அம்பு, தந்தையின் நெஞ்சில் அன்பு உள்ளவரை துளைக்காமல் மீள்கிறது. சினம் மூண்ட பின்னரே உயிரைக் குடிக்கிறது.

கர்ணனோ குலம் கேட்டு அவமதிக்கப்பட்டவன். அன்று அவனுக்கு அங்கநாட்டைத் தந்தவன் துரியோதனன். தன் ஆட்சிக்கு ஒரு வில்வீரன் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். பிறந்தவுடன் ஆற்றில் விட்ட தாய், போர் நெருங்கியதும் இரத்த உறவைச் சொல்லி வருகிறாள். செஞ்சோற்றுக் கடனைக் கர்ணனின் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்வோர், அவனை அக்கடனில் தள்ளிய குலப்பிரிவினையை மறைக்கின்றனர் என்பதே நம் கருத்து.

இரு கதைகளிலும் உறவை முறிப்பது மனித இயல்பு மட்டுமன்று. பரிசும் பட்டமும் கொடுக்கும் அதிகாரமுமாகும்.

இவை மேடையேறிய காலத்தையும் நாம் நோக்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டமாயிற்று. அதே ஆண்டில் சரத்சந்திரவின் 'மனமே' அரங்கேறியது. அது தழுவிய நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. சட்டம் பிரித்ததைக் கலை உறவென்று நினைவூட்டிற்று. படித்தோர் இழிவாகக் கருதிய, மட்டக்களப்பு உழவர் விடியவிடிய ஆடிய கூத்தையும் வித்தியானந்தன் சுருக்கிச் செப்பனிட்டு மாணவரை ஆடச்செய்தார்.

நாடகங்கள் வன்முறையைத் தடுத்துவிடவில்லை; 1983 அதற்குச் சான்று. எனினும் சிங்கபாகுவின் வழிவந்தோர் என்னும் பெருமையே இனவாதத்தின் கொடியாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. அக்கதையின் நடுவே மகன் கையால் மடிந்த தந்தை கிடக்கிறான். ஆசிரியர்கள் இரு நாடகங்களையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் கற்பிக்கட்டும். அம்பை எய்தவன் யார் என்பதோடு, பரிசு அறிவித்தவன் யார் என்றும் மாணவர் கேட்கத் தொடங்குவர்.