சவர்க்காரத்தை எடுத்தால் பால் திரையுமா?

கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டத் தொழிற்சாலை ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இறப்பர் பாலுக்குள் அளவாக அசிற் விட்டால் அது திரண்டு கட்டியாகிவிடும். அதுவரை பாலாகவே நிற்கக் காரணம், உள்ளே மிதக்கிற இறப்பர்த் துணிக்கைகளைச் சுற்றியிருக்கும் புரதமும் கொழுப்பும் தருகிற மறை ஏற்றம். எல்லாவற்றிலும் ஒரே ஏற்றம், அதனால ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அசிற் அந்த ஏற்றத்தை அழிக்குது, அவ்வளவுதான்.

மரமில்லாமல் இந்தப் பாலைச் செய்யும் அவசரம் 1942 இல் வந்தது. யப்பான் மலாயாவைப் பிடித்த பிறகு நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் மூலம் இலங்கைதான். அமெரிக்கா செயற்கை இறப்பரில் இறங்கியது. நீர், பியூற்றாடையீன், ஸ்ரைரீன், துணிக்கைகளைப் பிரித்து வைக்கச் சவர்க்காரம், தாக்கத்தைத் தொடக்கிவைக்கப் பொற்றாசியம் பேர்சல்பேற்று. 1947 இல் வில்லியம் ஹார்க்கின்ஸ் தந்த விளக்கத்தில், துணிக்கைகள் முக்கியமாகப் பிறப்பதே சவர்க்கார மூலக்கூறுகள் கூடிக் கட்டும் சிறு திரள்களுக்குள்தான். பேர்சல்பேற்றைத் தீக்குச்சி மாதிரித்தான் நாங்களும் நினைத்தோம்: பற்றவைத்ததோடு அதன்ட வேலை முடிஞ்சுது.

சவர்க்காரம் தொல்லையானது அளக்க வந்தவர்களுக்கு. ஏற்றமுள்ள துணிக்கைகள் எப்போது விலகும், எப்போது ஒட்டும் என்பதற்கு 1940களில் டெர்யாகின், லண்டாவ், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் கோட்பாடு எழுதிவிட்டார்கள். அதைச் சோதிக்க, ஒரே அளவான, மேற்பரப்பு சுத்தமான உருண்டைகள் வேணும். பொலிஸ்ரைரீன் பால் பொருத்தமானது, ஆனால் மேலே சவர்க்காரம் ஒட்டியிருக்கு. மென்சவ்வுப் பைக்குள் விட்டு நாட்கணக்காகக் கழுவினாலும் எவ்வளவு மிச்சம் என்று உறுதியாகச் சொல்லேலாது. கழுவ உதவுகிற சவர்க்காரமே இங்கே அழுக்கு! வாதக் காய்ச்சலல்ல, மூட்டுவாத நோயைக் கண்டறிய 1956 இல் சிங்கரும் புளொட்சும் இதே உருண்டைகளில் புரதம் பூசிச் சோதனை செய்தார்கள். அந்தமாதிரி வேலையிலும் சவர்க்காரம் புரதத்தோட இடத்துக்குப் போட்டி போடும்.

யப்பானில் 1965 இல் மற்சுமோட்டோவும் ஓச்சியும், 1970 இல் கொட்டேரா, புருசாவா, தகேடா ஆகியோரும் சவர்க்காரமே போடாமல் செய்து காட்டினார்கள். பால் திரையவில்லை. காப்பாற்றியது அந்தத் "தீக்குச்சி".

சூட்டில் பேர்சல்பேற்று இரண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு சங்கிலியைத் தொடக்கி, அதன் நுனியில் மறை ஏற்றமுள்ள சல்பேற்றாக நின்றுவிடும். சங்கிலி நீளும்போது நீரில் கரைய முடியாமல் சுருண்டு மற்றவற்றோடு சேரும், ஏற்றமுள்ள நுனி நீரைப் பார்த்து நிற்கும். முதலில் பிறக்கும் குட்டித் துணிக்கைகளுக்கு ஏற்றம் போதாது. அவை தங்களுக்குள் ஒட்டி ஒட்டிப் பெருக்கும். மேற்பரப்பில் ஏற்றம் போதுமான அளவு நெருங்கியதும் ஒட்டுவது நிற்கும். அதற்குப் பிறகு புதுத் துணிக்கை பெரிதாகப் பிறக்காது, இருப்பவை எல்லாம் சேர்ந்தே வளரும். ஒரே அளவாக வருவது இதனால்தான்.

1973, 1974 இல் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் ஒட்டவிலின் குழு இதைச் செய்முறையாக ஒழுங்குபடுத்தியது. உப்பைக் கூட்டினால் ஏற்றத்தின் தள்ளுகை மறைக்கப்படும், கூடுதலாக ஒட்டும், உருண்டை பெரிசாகும். உப்பு, வெப்பநிலை, பேர்சல்பேற்று மூன்றையும் மாற்றி வேண்டிய அளவை எடுக்கலாம்.

ஆனால் சல்பேற்று நுனிகள் கொஞ்சம்தான். துணிக்கைகளை நெருக்கினால் திரளும், அதனால் பால் ஐதாகவே இருக்கும். பெயின்ற் தொழிற்சாலைக்குத் தடித்த பால் வேணும். அங்கே சவர்க்காரம் இன்னும் போகவில்லை.