டூப்ளிகேட் புராணம்

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியை 14,800 யென் விலையில் விற்பனைக்கு விட்டது. சிவப்பும் வெள்ளையுமான அந்த அசல் பெட்டியை நான் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதற்குள் அதன் நகல்களை எத்தனை தடவை பிரித்து மாட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் சர்வீஸ் கடை போட்டிருப்பவனிடம் யார் அசலைக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்கள்?

கடையின் பின்புறம் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. மேல் தட்டுகளில் கேம் கேசட், கீழ்த் தட்டுகளில் ஹெவி மெட்டல் ஆடியோ கேசட். இரண்டிலும் முக்கால்வாசி டூப்ளிகேட்தான். இப்போது பழைய கேம் சேகரிக்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஜப்பானிலிருந்து அட்டைப்பெட்டி கசங்காமல் தருவித்தவர்கள், பெட்டிக்குமேல் பிளாஸ்டிக் உறை போட்டவர்கள். என் அலமாரியைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு பையன் கேட்டேவிட்டான்: “அண்ணே, இதெல்லாம் ஃபேக் தானே? இதைப் போய் ஏன் சேர்த்துவெச்சிருக்கீங்க?”

அவனுக்கு அன்று சொன்னதை விரிவாக எழுதினால் இப்படித்தான் வரும்.

ஃபேமிகாமை வடிவமைத்தவர் மசாயுகி உயேமுரா. அதன் மூளையான சிப்பை ரிக்கோ கம்பெனி செய்துகொடுத்தது. 1985-இல் அதே பெட்டி அமெரிக்காவுக்குப் போனபோது நின்டெண்டோ அதில் ஒரு பூட்டுச் சிப் வைத்தது. தன் அனுமதி இல்லாத கேசட்டைச் செருகினால் ஓடாது. கேசட்டின் பல்லையும் 60-இலிருந்து 72 ஆக்கியது. ஜப்பான் பெட்டியிலோ பூட்டே கிடையாது. தைவான்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்தத் திறந்த வீட்டைத்தான். யூஎம்சி என்ற தைவான் சிப் கம்பெனி, ரிக்கோ சிப்புக்கு மாற்றாக யூஏ6527 என்ற ஒன்றை வார்த்தது. அது கைக்கு வந்தபின் பெட்டி செய்வது பெரிய வித்தையில்லை. தைவானிலிருந்து மைக்ரோ ஜீனியஸ், 1992 முதல் ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், நம் பக்கம் மீடியா, லிட்டில் மாஸ்டர், பிறகு பெயரே இல்லாதவை. ரஷ்யாவில் ஒரு தலைமுறைக்கே டிவி கேம் என்றால் டெண்டிதான். நின்டெண்டோ என்ற பெயரை அவர்கள் பிற்பாடுதான் கேள்விப்பட்டார்கள். நம் கதையும் ஏறக்குறைய அதேதான்.

அசல் சரக்கு முறைப்படி வந்த கதையும் ஒன்று உண்டு. சாராயத்துக்குப் பேர்போன ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு நல்ல கலர் டிவியே வாங்கிவிடுவார்கள். அதனால் நம் பிள்ளைகள் கையில் இருந்தது கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கிய டூப்ளிகேட்.

அந்தக் கேசட்டுகளின் லேபிளில் “9999999 இன் 1” என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியான ஆட்டம் பத்தோ இருபதோதான். கொனாமி கம்பெனியின் அதே கான்ட்ரா ஆட்டம், முதல் வரிசையில் ஒன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், நாற்பதாவது வரிசையில் வேறொரு பெயரோடு மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். ஏமாற்று வேலைதான், ஆனால் அதில் ஒரு உழைப்பு இருக்கிறது. யாரோ ஒருவர் கொனாமியின் நிரலைப் பிரித்து, எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினால் எந்தக் கட்டம் திறக்கும் என்று உட்கார்ந்து தேடியிருக்கிறார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது.

கான்ட்ராவின் ஜப்பான் பதிப்பில் முதல் கட்டத்துத் தென்னை ஓலைகள் காற்றில் ஆடும். பனிக்கட்டத்தில் பனி பெய்யும். அதற்கென்று கொனாமி கேசட்டுக்குள் தனியாக ஒரு சிப் வைத்திருந்தது. அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சிப் இல்லை. கடையில் கிடைக்கிற சாதாரண லாஜிக் ஐசி இரண்டே போதும். நகலெடுக்க எது எளிது என்று சொல்லவே வேண்டாம். என் அலமாரியில் இருக்கிற எந்தக் கான்ட்ராவிலும் ஓலை ஆடாது.

பிறகு மொத்தப் பெட்டியும் ஒரே சிப்புக்குள் சுருங்கியது. திறந்தால் பச்சைப் போர்டின் நடுவே தார் ஊற்றியதுபோல் ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். அதற்கு அடியில்தான் எல்லாம் இருக்கிறது. அது போனால் போனதுதான், நானும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பெட்டிகள் அப்படியில்லை. யூஏ6527-ஐக் கழற்றி வேறு மாட்டலாம். கேசட் பல்லை ரப்பரால் அழித்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

பையனை உட்காரவைத்துக் காட்டியது இன்னொன்று. ஃபேமிகாமில் ஒலிக்கு ஐந்து வழிகள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சின்ன ஒலித்துண்டு வாசிப்பான். அந்தச் சதுர அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது, எவ்வளவு நேரம் கீழே என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். பாதிக்குப் பாதி என்றால் குழாய்க்குள் ஊதுவதுபோல் வரும்; கால்பங்கு என்றால் மூக்கால் பாடுகிற மாதிரி வரும். தைவான் சிப்புகள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறிவிட்டன. இசையமைத்தவர் மூக்குக்குரல் கேட்ட இடத்தில் குழாய்க்குரல் வரும், குழாய் கேட்ட இடத்தில் மூக்கு. தாளமும் சுதியும் சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சூப்பர் மரியோவை வருஷக்கணக்காக மாறிய குரலில் கேட்ட பிள்ளைகள் இந்தியாவிலும் ரஷ்யாவிலும் ஏராளம். அவர்களுக்கு ஜப்பான் அசலைப் போட்டுக் காட்டினால், “இது என்னமோ வேற மாதிரி இருக்கே” என்பார்கள்.

இனி கீழ்த் தட்டு.

ஹெவி மெட்டலின் தொடக்கத்தை ஒரு தொழிற்சாலையில் வைத்துச் சொல்வார்கள். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டு, மெல்லிய தந்தி போட்டு, பிற்பாடு சுதியையும் இறக்கி வாசித்தார். அவருடைய குழுவான பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. இதெல்லாம் எல்லோரும் சொல்கிற கதை. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்தது: அந்த இசை எப்படிக் கைமாறியது என்பது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மெட்டல் பிள்ளைகள் தபாலில் கேசட் பரிமாறிக்கொண்டார்கள். உன்னிடம் இருப்பதைப் பதிந்து அனுப்பு, என்னிடம் இருப்பதைப் பதிந்து அனுப்புகிறேன் என்பது ஒப்பந்தம். தபால்தலையின்மேல் பசை தடவி அனுப்புவார்கள். முத்திரை பசையின்மேல் விழும். கழுவிவிட்டு மறுபடி ஒட்டலாம். மெட்டாலிகா 1982-இல் பதிந்த ‘நோ லைஃப் டில் லெதர்’ என்ற மாதிரிக் கேசட் இப்படித்தான் ஊர் ஊராகப் போனது. முதல் தட்டு வெளிவரும் முன்பே அவர்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் நகலின் நகலைக் கேட்டவர்கள். அந்தக் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கே முதலில் ஒரு சேகரிப்பாளர்தான். பிரிட்டிஷ் குழுக்களின் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கியவர்; 1981-இல் டயமண்ட் ஹெட் குழுவைப் பார்க்கவென்றே இங்கிலாந்துக்குப் போனார்.

நம் ஊரில் தபால் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கடைத்தெருவிலும் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அது ராஜா பாட்டுக்காக ஏற்பட்டது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60-ஆம் நம்பர் கேசட்டிலோ 90-ஆம் நம்பர் கேசட்டிலோ பதிந்துதருவார்கள். நான் வேலை பழகியது அப்படியொரு கடையின் பின்கட்டில். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்ததும், பர்மா பஜாரில் கிடைத்ததும் கல்லூரிப் பையன்கள் கையால் அந்தக் கடைக்கு வரும். ‘தளபதி’ பதிந்துகொண்டிருந்த டெக்கில் அடுத்த கேசட் ஸ்லேயராக இருக்கும். முதலாளி சத்தத்தைக் குறைத்துவைத்துவிட்டு, “இது பாட்டாடா, மிஷின் ரிப்பேராடா?” என்று என்னைத்தான் கேட்பார்.

90-ஆம் நம்பர் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். பக்கத்துக்கு ஒரு ஆல்பம் என்பது கணக்கு, காசு மிச்சம். மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஏறக்குறைய 55 நிமிஷம். ஏழாவது உருப்படியான ‘ஓரியன்’ 41-ஆம் நிமிஷத்தை ஒட்டித் தொடங்கும். பாட்டே இல்லாத வாத்திய உருப்படி அது. நடுவில் வேகம் அடங்கி, கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார் மட்டும் முன்னால் வந்து நிற்கும். சரியாக அங்கே டேப் முடிந்து டக்கென்று பட்டன் மேலே வரும். எட்டாவது பாட்டு ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. இன்றும் ‘ஓரியன்’ கேட்டால் அந்த இடத்தில் என் காது டக் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

டூப்ளிகேட் கேசட்டுக்கு இன்னொரு சங்கதி உண்டு. பதிந்த டெக்கின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால், வேறு டெக்கில் போடும்போது மேல்சுருதியெல்லாம் அமுங்கி, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். பாட்டை ஓடவிட்டுக்கொண்டே சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்ப வேண்டும். டிரம் செட்டின் சிம்பல் பளிச்சென்று வெளியே வருகிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். என் கேசட்டுகளில் சிலவற்றின் அட்டையில் பென்சிலால் “இடது கால் சுற்று” என்று எழுதியிருப்பதற்கு அதுதான் காரணம். ஒவ்வொன்றும் எந்தக் கடை டெக்கில் பிறந்தது என்று அந்தச் சாய்வை வைத்தே சொல்லிவிடலாம். கம்பெனி கேசட்டில் இந்தச் சுகம் கிடையாது.

மேல் தட்டும் கீழ்த் தட்டும் என் மேசையில் ஒன்றாக வருகிற இடம் ஆஸிலோஸ்கோப். கிட்டார் ஒலி இயல்பாகக் குன்றுபோல் ஏறி இறங்கும் அலை. ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்குமேல் முறுக்கினால் அதன் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மெட்டலின் கரகரப்பு என்பது அந்த வெட்டுத்தான். அதே திரையில் ஃபேமிகாமின் சதுர அலையை விட்டால் பிறவியிலேயே தட்டையான உச்சி. அந்த எளிய சிப்பில் வந்த பல ஆட்டங்களின் பாட்டு மெட்டல்போல் ஒலித்ததில் ஆச்சரியமே இல்லை.

ஒலியில் மட்டுமல்ல, கைமாறிய விதத்திலும் இரண்டும் சேர்ந்தது டூம் ஆட்டத்தில். 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் அதை வெளியிட்டபோது, முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லியே விட்டது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ, இசையமைத்த பாபி பிரின்ஸிடம் ஒரு கட்டு மெட்டல் சீடிகளைக் கொடுத்தார். பிரின்ஸ் வக்கீல் தொழில் செய்தவர். எவ்வளவு சாயல் எடுத்தால் வழக்கு வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தின் இசையைக் கேட்ட மெட்டல் ரசிகனுக்கு மெட்டாலிகாவின் ‘நோ ரிமோர்ஸ்’ ஞாபகம் வராமல் இருக்காது; மற்ற கட்டங்களில் ஸ்லேயர், பான்டெரா சாயல் தட்டும். நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குப் போன டூம், நகலெடுக்க அனுமதித்த ஆட்டம், நகல்சாயல் இசையோடு. சீனியர்கள் “இது மெட்டாலிகாடா” என்று சத்தியம் செய்தார்கள்.

அசலே நேரில் வந்தது 2007 மார்ச் 17-இல், பெங்களூர் பேலஸ் மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது. சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடினார்கள். பாட்டு வரிகள் அச்சடித்த உறையோடு கேசட் வாங்கியவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காதால் பிடித்த வரிகள், பாதி தப்பாகக்கூட இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் கம்பெனிகளே பிற்பாடு இந்த வழிக்கு வந்தன. அந்தப் பழைய ‘நோ லைஃப் டில் லெதர்’ மாதிரியை மெட்டாலிகா 2015-இல் கேசட்டாகவே வெளியிட்டது, கையெழுத்து உறையோடு. நின்டெண்டோ 2016-இல் தன் அமெரிக்கப் பெட்டியின் குட்டி உருவத்தை விற்றது. உள்ளே பழைய சிப் எதுவும் இல்லை, அதைப்போல் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்தான். முப்பது ஆட்டங்கள் ஏற்றியது. லேபிளில் எழுதவில்லையே தவிர அது “30 இன் 1”. அதைக் காசு கொடுத்து வாங்கினேன். இரண்டாம் தட்டில் இருக்கிறது, தன் இனத்தோடு.

பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். மெசன் என்ற எமுலேட்டரை வைத்திருந்தான். ஃபேமிகாமை அணுபிசகாமல் நடிப்பது என்று பெயர் வாங்கியது. அதன் ஒலி அமைப்புப் பக்கத்தில் சதுர அலைகளின் விகிதத்தை இடம் மாற்றச் சொல்லி ஒரு பெட்டி உண்டு, பழைய நகல் பெட்டிகளைப் போல ஒலிப்பதற்காக. அவ்வளவு நாளும் அது எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. டிக் போட்டு கான்ட்ராவை ஓடவிட்டான். முதல் கட்டம் முடியும்வரை பேசவில்லை.

“சின்ன வயசுல மாமா வீட்ல இப்படித்தான் கேட்டேன்” என்றான். பிறகு அலமாரியைக் காட்டி, எதையாவது விற்பீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். பர்மா பஜாரில் எந்தச் சந்தில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.