நுண்ணலைச் சுற்று வடிவமைப்புக் கல்வி

நுண்ணலைச் சுற்று வடிவமைப்புக் கல்வி என்பது, ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்கும் வடிப்பான், பெருக்கி, அலையியற்றி முதலிய சுற்றுகளை மாணவர் கணினியில் வடிவமைத்து, தம் கையால் செய்து, அளந்து பார்க்கும் பல்கலைக்கழகப் பயிற்சியாகும். இவ்வதிர்வெண்களில் அலைநீளம் சுற்றின் அளவை நெருங்கிவிடுவதால், கம்பி வெறும் இணைப்பாக நில்லாமல், அதன் நீளமும் அகலமுமே சுற்றின் உறுப்புகளாகிவிடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் வெற்றிடத்தில் 12.5 செ.மீ. ஆக உள்ள அலைநீளம், கண்ணாடியிழைப் பலகை மீதுள்ள செப்புப் பட்டையில் ஏறக்குறைய 7 செ.மீ. ஆகச் சுருங்குகிறது; அங்கே 1 மி.மீ. பிழைகூட அலையின் கட்டத்தை 5 பாகை அளவுக்கு நகர்த்திவிடும்.

பெல் ஆய்வகப் பொறியாளர் பிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட வட்ட வரைபடமே நெடுங்காலம் இத்துறை மாணவரின் முதன்மைக் கருவியாக இருந்தது. கணினியை இக்கல்விக்குள் கொண்டுவந்த முயற்சிகளுள் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ‘பஃப்’ என்னும் மென்பொருள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. டேவிட் ரட்லெட்ஜும் ரிச்சர்ட் காம்ப்டனும் 1980களில் தங்கள் நுண்ணலை வகுப்புக்கென்றே உருவாக்கிய இது, எளிய தனிநபர் கணினியிலேயே இயங்கியது. மாணவர் அம்புக்குறி விசைகளால் பட்டைகளை வரைய, ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு அலை திரும்புகிறது, எவ்வளவு கடந்து செல்கிறது என்பதைக் கூறும் சிதறல் அளவுருக்கள் அதே திரையில் ஸ்மித் வரைபடத்துடன் தோன்றின. வரைந்த வடிவத்தைப் பல மடங்கு பெரிதாக அச்சிட்டு, ஒளிப்பட முறையில் சிறிதாக்கி, செப்புப் பலகையில் அரித்தெடுக்கவும் முடிந்தது என்பதே இதன் தலையாய சிறப்பு.

ஏனெனில், கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகாத இடத்தில்தான் இப்பாடம் உண்மையில் தொடங்குகிறது. பலகையின் மின்காப்பு மாறிலி எதிர்பார்த்ததினின்று சற்று விலகியிருத்தல், அரிப்பில் பட்டை மெலிந்துபோதல், தரைத்தளத்துடன் இணைக்கும் துளையின் மின்தூண்டம், இணைப்பானின் பற்றவைப்பு ஆகியவை வடிப்பானின் மைய அதிர்வெண்ணை நகர்த்துகின்றன. காரணத்தைத் தேடிக் கண்டு வடிவமைப்பைத் திருத்தும் மாணவர், திரையோடு நின்றுவிடுபவர் பெறாத தேர்ச்சியைப் பெறுகிறார்.

அளவீட்டுக்கு வலையமைப்புப் பகுப்பாய்வி பயன்படுகிறது. குறுக்கிணைப்பு, திறந்த முனை, 50 ஓம் சுமை ஆகியவற்றைக் கொண்டு அதனை முதலில் அளவுதிருத்தம் செய்யாவிடில், வடத்தின் பிழையும் சுற்றின் பண்பும் கலந்தே தெரியும். இக்கருவியின் பெருவிலை பல கல்லூரிகளுக்குத் தடையாக இருந்து வந்தது; 2019 வாக்கில் பரவிய ‘நானோவிஎன்ஏ’ என்ற உள்ளங்கையளவுக் கருவி, துல்லியம் குறைந்ததாயினும், சில கிகாஹெர்ட்ஸுக்கு உட்பட்ட பயிற்சிகளுக்குப் போதுமானதாக உள்ளது.